அட்டையில்லாத மாத்திரை

டாக்டர் அறைக்கு வெளியே, சுவரோரப் பெஞ்சில் பிரேக் அக்காவை உட்காரவைத்துவிட்டுத்தானே போன வாரம் பிரிந்தோம்? இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுவார். பக்கத்து இருக்கையில் இவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அந்த ஒரு காலை நம்பித்தான் வண்டியைத் தொட்டார்கள். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கால் பிந்தியது ஒரே ஒரு நாள்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது, கற்றுக்கொள்ள வந்திருந்த பேக்கரிக்காரி ஒருத்தி பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். தடுக்க வேண்டியவள் பக்கத்திலேயே இருந்தாள். பார்த்தாள். கால் போகவேண்டும் என்று தெரிந்தது. கால்தான் போகவில்லை. வண்டி மதில் தூணில் மோதி, ஸ்டியரிங் வெட்டித் திரும்பி, பேக்கரிக்காரியின் மணிக்கட்டு முறிந்துபோனது. மாவு பிசைகிற கை.

"உங்க மேல தப்பு இல்லக்கா" என்று கட்டுப்போட்ட கையோடு அவளே ஆறுதல் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பிரேக் அக்கா தூங்கியிருப்பாள் என்று எழுத ஆசைதான். ஆனால் தூக்கத்துக்குத்தான் இவளுக்குக் குறைச்சலே இல்லையே. அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

பயிற்சிப் பள்ளி முதலாளி, இவளைவிடச் சின்னவர், சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "என்ன காரணம்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கக்கா. சரிபண்ணக்கூடியதுன்னா காத்திருக்கேன். வெறும் வயசுன்னா, ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலை இருக்கு." இன்று சாயங்காலம் பதில் கேட்டு அழைப்பதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் சொல்லாமல்தான் வந்திருந்தாள். சொன்னால் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். தெருவில் அவருக்குப் பெயரே 'கடை டாக்டர்'. "நம்ம வீட்டுக்கு டாக்டரா? கடையையே வெச்சுக்கிட்டு வெளியில போய் வரிசையில உக்காரணுமா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அவர் கைதான் மருந்து.

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள்.

டாக்டர் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, இவள் மகளுக்கு அக்கா வயதில் இருந்தாள். இந்தப் பெண்ணா பார்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே பிரேக் அக்கா உட்கார்ந்தாள்.

"முதல்ல நீங்க எல்லாத்தையும் சொல்லுங்க. நான் நடுவுல குறுக்கிட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள், பாருங்கள், அதுதான் அதிசயம். போன வருடம் பிரேக் அக்கா தயங்கித் தயங்கி ஒரு பெரிய டாக்டரிடம் போயிருந்தாள். அவர் தலையைத் தூக்காமலே, "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, மனசை லேசா வெச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். மனசை லேசாக வைத்துக்கொள்வது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அதோடு டாக்டர் ஆசையே விட்டுப்போனது.

"மாசாமாசம் ஒழுங்கா வர்றதில்லை, டாக்டர். ரெண்டு மாசம் எட்டிப் பார்க்காது. வந்தா நிக்காது, கொட்டித் தீர்க்கும். வண்டி சீட்டுல துண்டு போட்டுத்தான் உக்கார்றேன். திடீர்னு நெஞ்சுல இருந்து முகம் வரைக்கும் அனல் அடிக்கும். உடனே வேர்த்து நனைஞ்சுடும். முட்டி ரெண்டும் கழண்டு விழற மாதிரி வலி. அப்புறம்..." கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "சில மாசம் முன்ன வரைக்கும் எரிஞ்சு எரிஞ்சு விழுவேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். நான்! எத்தனை பேர் எத்தனை தடவை வண்டியை ஆஃப் பண்ணினாலும் குரலை உசத்தாதவ நான்."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றாக விளக்கினாள். மாதவிடாய் ஒரேயடியாக நிற்பதற்குச் சில வருடம் முன்னாலிருந்தே ஹார்மோன் ஏறி இறங்கும் என்றாள். அதில்தான் இந்த அனல், இந்தக் கோபம், இந்த மூட்டுவலி எல்லாம். இவ்வளவு ரத்தம் போவதை மட்டும் வயசு என்று விட்டுவிடக் கூடாது, ஸ்கேன் எடுக்கவேண்டும், ரத்தம் குறைந்திருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றாள்.

"இது நோய் இல்லை. அதுக்காக அனுபவிச்சே ஆகணும்னும் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு. உங்களுக்கு எது ஒத்துக்கும்னு சோதனை வந்ததும் உக்காந்து பேசுவோம். உங்ககிட்ட இதையெல்லாம் யாரும் முன்னாடியே சொன்னதில்லையா?"

"யார் சொல்வா? எங்க அக்கா இந்த வயசுல ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சண்டை போட்டா. அவளுக்குக் கொழுப்புன்னு நானே பேசியிருக்கேன்." கையால் முகத்தைத் துடைத்தாள். "ரோட்டுல ஒரு வளைவு வந்தாக்கூட முன்னாலயே பலகை வெக்கிறாங்க, டாக்டர். இதுக்கு ஒரு பலகை கிடையாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "தூக்கம் எப்படி?"

"முன்னெல்லாம் தூக்கமே வராது. இப்போ தேவலை. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். காலையிலதான் தலை தூக்கவே முடியலை. பேசிக்கிட்டே இருக்கும்போது வார்த்தை காணாமப் போகுது. கியர் மாத்துங்கன்னு சொல்ல வந்து, அந்த... அந்தக் குச்சியை மாத்துங்கன்னு சொல்றேன். பசங்க சிரிக்கிறாங்க. அன்னிக்கு பிரேக்குக்குக் காலே போகலை, வண்டி மோதி ஒரு பொண்ணுக்குக் கை உடைஞ்சுபோச்சு. மறதியும் இந்த வயசுல வர்றதுதானே?"

"வரும். ஆனா இப்படிக் கால் பிந்தற அளவுக்கு வராது. நீங்க வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்லை. ஒரு வைட்டமின்."

கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் காகித உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உறையின் மேல் நீல மையில் ஒரு பிறை நிலா வரைந்திருந்தது. கடை வழக்கம் அது. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி உறையில் போட்டு, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுப்பார் கடை டாக்டர். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டுமாம். இவளுக்கு வரைகிற நிலாவில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும். ஏழெட்டு மாதமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள். இத்தனை வருடம் கழித்தும் நமக்காக ஒரு நிலா வரைகிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போயிருந்தாள்.

"இதை எழுதிக் குடுத்தது யார்?"

"எழுதித் தர்றதா? என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வெச்சிருக்கார்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், பாவம்.

டாக்டர் நடுவில் கோடு போட்ட அந்த மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாதிரி வெள்ளை மாத்திரை எத்தனையோ இருக்கு. பார்த்தே சொன்னா அது வைத்தியம் இல்லை. அட்டையை வெச்சிருக்கீங்களா?"

"அட்டையை நான் பார்த்ததே இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

"எப்பவும் ஒண்ணுதானா?"

"முதல்ல பாதிதான். வெட்டிக் குடுப்பார். அந்த விபத்துக்கு அப்புறம் நான் ரொம்ப அழுதேன். சத்து போதலைன்னு முழுசாக் குடுக்க ஆரம்பிச்சார்."

டாக்டர் மாத்திரையை உறைக்குள் போட்டு மூடினாள். "வைட்டமின் யாரையும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்க வைக்காது" என்றாள் கடைசியில்.

பிரேக் அக்கா புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சாவியைக் கொடுக்கும் முன்னால் சொல்கிற முதல் பாடம் ஒன்று உண்டு. தூக்கம் வரவைக்கிற மாத்திரை சாப்பிட்டிருந்தால் வண்டிப் பக்கம் வராதே. பேக்கரிக்காரிக்கும் அதைச் சொல்லியிருந்தாள்.

"நிறுத்திடறேன். இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்."

"அதுமட்டும் கூடாது!" டாக்டரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் நினைக்கிற மாத்திரைன்னா, இத்தனை மாசம் சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அட்டையைக் கண்டுபிடிங்க, எனக்குப் போன் பண்ணுங்க, எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்றேன். அதுவரைக்கும் இன்னிக்கு சாப்பிடறதை சாப்பிடுங்க. வண்டியில அந்த பிரேக் சீட்டுல மட்டும் உக்காராதீங்க."

ஆக, தெரிந்தே இன்றைக்கும் விழுங்கவேண்டும். வெளியே வந்து வெயிலில் நின்றபோது அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

கடைக்கு நேரே போனாள். வீட்டுக்காரர் சரக்கு எடுக்கப் போயிருந்தார். கல்லாவில் மகள் உட்கார்ந்திருந்தாள். மருந்தாளர் படிப்புக் கடைசி வருடம். அப்பனுக்குப் பின்னால் கடையைப் பார்க்கப்போகிறவள் என்று தெருவே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பெண். ஒரு பெரியவருக்கு உறையில் சூரியன் வரைந்துகொண்டிருந்தாள்.

பெரியவர் போகும்வரை பிரேக் அக்கா காத்திருந்தாள்.

"எனக்கு அப்பா குடுக்கிற மாத்திரையோட அட்டை எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

"பார்க்கணும்."

"அப்பா வந்ததும் கேளேன்."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

மகளின் கண் ஒரு நொடி கல்லாவுக்குக் கீழே போய் வந்தது. அங்கே ஒரு பூட்டுப் போட்ட இழுப்பறை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தரக்கூடாத மருந்துகள் அதில்தான் இருக்கும். எத்தனையோ வருடமாக, ஸ்டியரிங் பிடிக்கிறவர்களின் கண் போகிற திசையைப் பார்த்தே அடுத்து என்ன செய்வார்கள் என்று கண்டுபிடித்தவள் இவள்.

"சாவியைக் குடு."

"அம்மா, கஸ்டமர் வர்ற நேரம்..."

"சாவி."

கொடுத்தாள். இழுப்பறையின் மூலையில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அட்டை. அதே வெள்ளை மாத்திரைகள், அதே நடுக்கோடு. பெட்டியின் மேல் மூலையில் சிவப்பு முக்கோணம். முக்கோணத்துக்குள் ஒரு கார்.

மருந்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. அந்த முக்கோணம் தெரியும். இத்தனை வருடமாகத் தன் வகுப்புச் சுவரில் ஒட்டி, குச்சியால் தட்டித்தட்டிச் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கைப் பலகையின் வடிவம் அது. பலகை இருந்திருக்கிறது. பிதுக்கி எடுத்து உறையில் போட்டு, பலகைக்குப் பதிலாக நிலா வரைந்து கொடுத்திருக்கிறார்.

"இது வைட்டமினா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கடைசி வருஷம் படிக்கிறியே, சொல்லு. இது வைட்டமினா?"

"இல்லம்மா."

"எப்போ இருந்து தெரியும்?"

"முதல்ல இருந்தே." குரல் கேட்கவே இல்லை. "நீ அன்னிக்குத் தட்டை உடைச்சியே... எனக்கு மறுநாள் பரீட்சை. தினம் சண்டை, தினம் கத்தல். என்னால முடியலைப்பா, எதாவது பண்ணுங்கன்னு நான்தான் அப்பாகிட்ட அழுதேன். அப்பா இதைக் குடுக்க ஆரம்பிச்சார். நீயும் அமைதியாயிட்ட. நல்லதுதானேன்னு..."

"நான் கத்தினேன். சரி. ஏன் கத்தறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"தப்புதாம்மா."

"அந்தப் பொண்ணு கை உடைஞ்சு வந்து நின்னாளே. நான் இதே வாசல்ல உக்காந்து என் காலை நானே அடிச்சுக்கிட்டேனே. அப்பவும் தெரியுமா?"

மகள் அழ ஆரம்பித்தாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அப்பா சொன்னார்மா. பாதி மாத்திரைதானேன்னார்."

"அப்பா சொன்னார். நீ என்ன படிச்ச?"

பெற்ற வயிறு பற்றி எரிந்தாலும் பிரேக் அக்கா மகளை ஒரு அறை அறையவில்லை. பெட்டியோடு அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டாக்டருக்குப் போன் போட்டு மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நினைத்ததுதான் என்றாள் டாக்டர். இன்றைக்கு வழக்கம்போலச் சாப்பிடுங்கள், நாளைக்குக் காலையில் வாருங்கள், குறைக்க ஆரம்பிப்போம் என்றாள்.

சாயங்காலம் கடை டாக்டர் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். உற்சாகமாகத்தான் வந்தார். மகள் போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லையோ, என்னவோ. கை கழுவினார், சாப்பிட்டார், தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார், சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நிலா. சிரிக்கிற நிலா.

"இந்தா, உன் வைட்டமின்."

பிரேக் அக்கா உறையைப் பிரித்து, மாத்திரையை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு நீங்க சாப்பிடுங்க."

"எனக்கெதுக்கு?"

"முகம் வாடிப்போயிருக்கு. சத்துக்கு நல்லதுதானே?"

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "விளையாடாத."

"வைட்டமின்தானேங்க? ஒரே ஒண்ணு."

"காலையில கடையைத் திறக்கணும்டி! கை தடுமாறி யாருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துட்டா யார் பதில் சொல்றது?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பொறுக்கி எடுக்கவா முடியும்? கதவோரம் நின்றிருந்த மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பிரேக் அக்கா கைப்பையைத் திறந்து பெட்டியை மேசையில் வைத்தாள். முக்கோணம் அவர் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"எனக்கும்தாங்க காலையில வேலை இருந்துச்சு. என் காலை நம்பி ஒருத்தி வண்டியை எடுத்தா."

கடை டாக்டர் மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பூசி மெழுக வார்த்தை தேடினார். "நீ தூக்கமில்லாம பைத்தியம் மாதிரி அலைஞ்சே. உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன். வீடு நிம்மதியா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"உங்களுக்கு நிம்மதி. உங்க மகளுக்கு நிம்மதி. எனக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக உங்களுக்குத் தோணலை. வாயை அடைக்கிற மாத்திரை மட்டும் தோணுச்சு. எட்டு மாசமா தலை தூக்க முடியலை, வார்த்தை மறக்குதுன்னு நான் அழறேன். 'வயசாகுதுல்ல'ன்னு என் தலையைத் தடவி விட்டீங்களே, எப்படிங்க முடிஞ்சுது?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பயிற்சிப் பள்ளி முதலாளி.

கடை டாக்டர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "வயசுன்னு சொல்லிடு. கெஞ்சிக் கேக்கறேன். இது வெளிய போச்சுன்னா கடை லைசன்ஸ் போயிடும். நாளைக்கு நம்ம பொண்ணு எங்க போய் நிப்பா? ஆபீஸ்லதான் வேலை தர்றாரே, உக்காந்துக்கிட்டுப் போன் எடுத்தா என்ன குறைஞ்சுடுவ?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரேக் அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். மேசையில் கிடந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தெரிந்து விழுங்கும்போது அது கசந்தது. இத்தனை நாள் கசந்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

பிறகு போனை எடுத்தாள்.

"என்னக்கா, டாக்டர்கிட்ட போனீங்களா? காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது தம்பி. வயசு இல்லை." அவள் குரலில் நடுக்கம் இல்லை. "போன்ல வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வர்றேன். பேக்கரிக்காரியையும் வரச் சொல்லுங்க, அவளுக்கும் நான் பதில் சொல்லணும்."

"தனியாவா வர்றீங்க?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். கதவோரத்திலிருந்து மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்தாள். மேசையிலிருந்த பெட்டியை எடுத்து, அம்மாவின் கைப்பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இல்லை தம்பி, ரெண்டு பேரா வர்றோம்" என்றாள் பிரேக் அக்கா. "மூணாவது ஆள் வர்றாரா இல்லையான்னு காலையிலதான் தெரியும்."